நான்கு கேள்விகளும் ஒரு செத்த எண்ணும்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. எனக்கு என் அண்ணி சொன்னது. அவளுக்கு ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சொன்னது. அந்தச் சிறுமிக்குச் சொன்னது யார் என்பதில்தான் தகராறு.

அண்ணி ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர். புத்தகம் கொடுத்து வாங்குவதோடு, வாரம் ஒரு பீரியட் ஆறாம் வகுப்புக்குப் பாடமும் எடுக்கிறாள். இணையத்தில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதுதான் பாடம். நான் கதை எழுதுகிறவள். அதாவது அவள் பொய்யைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள், நான் பொய்யை விற்றுச் சாப்பிடுகிறேன். ஒரே வீட்டில் அவள் கீழே இருக்கிறாள், நான் மாடியில். என்னைவிட ஒரு வயது இளையவள் என்பதால் கூப்பிடுவது அண்ணி என்று, பேசுவது வா போ என்று. எங்களைச் சேர்த்துவைத்தவன் என் அண்ணன். அவன் செத்து இரண்டு வருடம் ஆகப்போகிறது.

[இந்தக் கடைசி வாக்கியத்தை இவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்கக்கூடாது. நடுவில் எங்காவது வைத்திருந்தால் நீங்கள் திடுக்கிட்டிருப்பீர்கள். ஆனால் முக்கியமானதை ஒளித்துவைக்கிற பக்கத்தை முதலில் சந்தேகப்படு என்று அண்ணி வகுப்பில் சொல்வாள். அதனால் சொல்லிவிட்டேன்.]

2

தொடக்கம் எழுதிப் பார்த்ததில் சில இங்கே கிடக்கின்றன.

"மணி அடித்து ஓய்ந்தபின் நூலகத்தில் யாருமே இல்லை, ஆனாலும் அந்த நாற்காலி—" வேண்டாம். நாற்காலியை ஆட்டித்தான் பயமுறுத்த வேண்டுமென்றால் நான் வேறு வேலைக்குப் போய்விடலாம்.

"இன்றைய தகவல் யுகத்தில் குழந்தைகள்—" இது அதைவிடப் பயங்கரம்.

"பிரிந்தவர்களோடு பேச ஓர் எண் இருக்கிறது." இது நல்ல தொடக்கம். நான் எழுதியதுதான். ஆனால் இந்தக் கதைக்காக எழுதவில்லை, அண்ணிக்காக எழுதினேன். கதை உண்மையில் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட மாடிக்கு வந்தவள் என் அறை வாசலில் நின்றாள்.

"ஏய், ஒரு நல்ல பொய் எழுதிக் குடேன்."

"எவ்வளவு பெருசு?"

"ஒரு பக்கம். பார்க்கிறதுக்கு நிஜம் மாதிரி இருக்கணும். தோண்டினா பல்லிளிக்கணும். நிலாவில தண்ணித் தொட்டின்னு நான் போட்டா, போர்டைத் திருப்பறதுக்குள்ள கண்டுபிடிச்சுடுதுங்க. 'இது நிஜமா இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்'னு தோணணும். அப்பத்தான் ஏமாறுவாங்க."

அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்துவிட்டேன். பொய் எனக்குக் கைவந்த கலை, இழுத்தடிக்க மாட்டேன். 'மறுமுனை' என்று ஒரு சேவை. அன்பானவர்களை இழந்தவர்கள் குறிப்பிட்ட எண்ணை அழைத்தால் இறந்துபோனவர்களின் குரலைக் கேட்கலாம். ஓட்டைகளையும் நானே வைத்தேன். எழுதியவர் பெயர் கிடையாது. 'ஆய்வாளர்கள் நிரூபித்துள்ளனர்' என்று இருக்கும், எந்த ஆய்வாளர் என்று இருக்காது. சேவை தொடங்கிய நாள் பிப்ரவரி முப்பது. கோபுரம் என்று போட்ட படத்தில் இருப்பது ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி.

அண்ணி வாசித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். எண் இருக்கவேண்டிய இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன்.

"ஏதாவது ஒரு எண்ணைப் போட்டா, அது யாருக்காவது போய்த் தொலைக்கும். பாவம், ஆறாம் கிளாஸ் முழுக்கக் கூப்பிட்டு அவங்க உயிரை எடுக்கும்" என்றாள். "நான் பார்த்துக்கிறேன்."

யாரும் எடுக்கமாட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த ஓர் எண்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. அப்படி அவளுக்குத் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்று. என் அண்ணனின் கைபேசி எண்ணைப் போட்டாள். அந்தக் கைபேசி அவள் பீரோவில் அவன் சட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது, இணைப்பு காலாவதியாகி வெகுநாள் ஆகிறது. என்னிடம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பேனா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

4

நூலகச் சுவரில், கணினிகளுக்கு மேலே, கொட்டை எழுத்தில் நான்கு கேள்விகள் ஒட்டியிருக்கின்றன.

யார் சொல்கிறார்?
அவருக்கு எப்படித் தெரியும்?
வேறு யாராவது சொல்கிறார்களா?
சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கும்?

அந்தப் பக்கத்தை நூலகக் கணினிகளில் மட்டும்தான் ஏற்றியிருந்தாள். பிள்ளைகள் பார்த்தார்கள். வழக்கமாக இரைச்சல் போடுகிற வகுப்பு அன்று கப்சிப் என்று இருந்ததாம். பாதிப்பேர் 'உண்மை' என்று எழுதிக் கொடுத்தார்கள். எல்லா ஓட்டைகளையும் கண்டுபிடித்தவள் ஒருத்திதான். அந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்தவள். வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் 'ஆதாரம்'. யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்க?" என்று கேட்பதால் வந்தது.

பிப்ரவரி முப்பதுக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, 'இது பொய்' என்று எழுதியிருந்தாள். அண்ணி அவளுக்கு எல்லோரையும் கைதட்டச் சொன்னாள். பிறகு இது நாங்களே செய்த பக்கம்தான் என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டாள்.

[இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் அது ஒரு நல்ல பாடத்திட்டம். ஆசிரியர் கையேட்டில் போடலாம்.]

5

அடுத்த வாரம் மதிய இடைவேளையில் ஆதாரம் நூலகத்துக்கு வந்து, மேஜைக்கு முன்னால் நின்றாள். இனி வரும் பேச்சை நான் நேரில் கேட்கவில்லை. முன்பின் இருக்கலாம். ஆனால் அந்தக் குரல் சொன்னதாக வரும் வரிகளை அண்ணி எனக்கு ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் மூன்றுமுறை சொன்னாள், மூன்றுமுறையும் ஒன்றாகவே இருந்தன.

"மிஸ், அந்த நம்பருக்குப் பேசினேன்."

"எந்த நம்பர்?"

"மறுமுனை."

அண்ணி சிரித்தாளாம். "அது பொய்னு நீதான கண்ணு முதல்ல கண்டுபிடிச்ச?"

"மூணாவது கேள்விக்கு நான் பதில் எழுதல மிஸ். வேற இடத்துல சரிபார்க்கணும்னு நீங்க சொன்னீங்கல்ல. அதான் சரிபார்த்தேன்."

"யாரும் எடுத்திருக்க மாட்டாங்களே."

"எடுத்தாரு. ஆம்பளைக் குரல். நீங்க யாருன்னு கேட்டேன். நீ யாரைத் தேடறேன்னு கேட்டாரு. எங்கம்மாவைன்னு சொன்னேன்."

அந்தச் சிறுமியின் அம்மா போன வருடம் இறந்துபோனது அண்ணிக்கு அந்த நிமிடம்தான் தெரியும். பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

"அப்புறம், 'அவங்க இங்க இல்லம்மா. நான் மட்டும்தான் இருக்கேன்'னு சொன்னாரு."

"தெரியாதவங்ககிட்ட அப்படியெல்லாம் பேசக்கூடாது கண்ணு. யாரோ—"

"அவரு பொய் சொல்லல மிஸ். பொய் சொல்றவரா இருந்தா அம்மா இருக்காங்கன்னுதான சொல்லியிருப்பாரு?"

அண்ணி திரும்பிச் சுவரில் இருந்த நான்கு கேள்விகளைப் பார்த்தாளாம். இத்தனை வருடம் பாடம் எடுத்தவள்.

"நாலாவது கேள்வியும் கேட்டேன். என்கிட்ட பேசறதால உங்களுக்கு என்ன கிடைக்கும்னு. 'யாராவது கூப்பிட்டா நல்லாருக்கும்'னாரு. நம்பர் எங்க பார்த்தேன்னு கேட்டாரு. ஸ்கூல் லைப்ரரியிலன்னு சொன்னேன். அப்ப உங்களைப் பத்திக் கேட்டாரு."

"என்னைப் பத்தியா?"

"'லைப்ரரி மிஸ் இன்னும் லைட்டைப் போட்டுட்டுத்தான் தூங்கறாங்களா?'ன்னு கேட்டாரு. அப்புறம், 'சாவி கிடைச்சுதான்னு கேளு'ன்னாரு. அவ்வளவுதான், வச்சுட்டாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே சொன்னாளாம்: "எல்லார் வீட்லயும் சாவி தொலையும் மிஸ். அது ஆதாரம் ஆகாது."

6

அன்று வேலை முடிந்து வந்தவள் வாசற்படியிலேயே செருப்போடு உட்கார்ந்துவிட்டாள். நான் மாடியிலிருந்து இறங்கி வந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

விளக்கு விஷயம் சுலபம் என்றேன். அண்ணன் போனபிறகு அவள் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதில்லை. மாடிப்படியில் நின்றால் அவள் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரியும். அதை நான் ஒரு கதையில் எழுதிவிட்டேன். (அதைப் படித்துவிட்டு அவள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.) அந்தப் புத்தகம் அவள் நூலகத்திலேயே இருக்கிறது. அந்தச் சிறுமி அதைப் படித்திருப்பாள், கற்பனை செய்திருப்பாள், அம்மாவை இழந்த பிள்ளை.

"சாவி?" என்றாள் அண்ணி.

அது எனக்கும் நினைவிருந்தது. அண்ணன் செத்த அன்று காலையில் வண்டிச் சாவியைக் காணோம் என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டினான். நானும் சேர்ந்து தேடினேன். கிடைக்கவில்லை. நேரமாகிவிட்டது என்று சலித்துக்கொண்டு பஸ் பிடிக்க நடந்தான். ரோட்டைக் கடக்கும்போது ஒரு லாரி. நான் இதை எந்தக் கதையிலும் எழுதியதில்லை.

"அதைத் தேடினது நமக்கு மட்டும்தான தெரியும்?" என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"சாவி தொலையவே இல்லடி. முந்தின நாள் எங்களுக்குச் சண்டை. காலையில பேசாம கிளம்பிடுவாருன்னு நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன். கொஞ்சநேரம் தேடட்டும், அப்புறம் என்கிட்ட வந்துதான ஆகணும்னு நெனச்சேன். அவரு வரல. நடந்து போயிட்டாரு."

[இந்த இடத்தில் நான் அவளிடம் என்ன சொன்னேன் என்பதை எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். சொன்னது எல்லாம் உளறல். கட்டிப்பிடித்துக்கொண்டேன், அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.]

7

வாசகருக்குச் சந்தேகம் வந்திருக்கும், வரட்டும். பாடமே அதுதானே.

முதல் சந்தேகம்: காலாவதியான எண்ணை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள். தனியாக இருக்கிற யாரோ ஒரு மனிதர், பேச்சுத்துணைக்கு ஏங்கி, வாயில் வந்ததைக் கேட்டிருக்கலாம். விளக்கைப் போட்டுத் தூங்குகிறவர்கள் உலகத்தில் நிறைய. சாவியைத் தொலைக்காதவர்கள் யாருமில்லை.

இரண்டாவது: சிறுமி பொய் சொல்கிறாள். இதை எழுதுவதற்கே எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதவேண்டும்.

மூன்றாவது சந்தேகத்தை நான் கடைசிவரை தள்ளிப்போட்டேன். விளக்கும் தெரியும், சாவியைத் தேடியதும் தெரியும், ஆனால் ஒளித்துவைத்தது யார் என்று தெரியாது. அதனால்தான் 'கிடைச்சுதா' என்று வெள்ளந்தியாகக் கேட்கமுடிகிறது. அப்படிப்பட்ட ஆள் இந்த வீட்டில் ஒருத்தி உண்டு. கட்டைக் குரல் அவளுக்கு. தொலைபேசியில் அவளை 'சார்' என்று கூப்பிடுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அண்ணன் எண் காலியானதும் அதை வேறு யாரும் எடுத்துவிடக்கூடாது என்று அவளே போய் வாங்கி வைத்திருக்கலாம்.

நான் இல்லை. ஆனால் இதைச் சொல்வதும் நான்தான்.

8

ஆதாரம் விடவில்லை. தினமும் இடைவேளையில் வந்து நின்றாள்.

"ரெண்டாவது ஆள் சொன்னாத்தான் நம்பணும்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க. நான் ஒருத்திதான் பேசியிருக்கேன். நீங்களும் பேசிப் பாருங்க."

அண்ணியால் மறுக்கமுடியவில்லை. மறுத்தால் சுவரில் ஒட்டியிருப்பதைக் கிழித்துப்போட வேண்டியதுதான். கூப்பிட்டால், யாரும் எடுக்கவில்லையென்றால், இரண்டு வருடமாக அவள் கேட்கக் காத்திருந்த மன்னிப்பு கிடைக்காது. யாராவது எடுத்துவிட்டால்? அதை அவள் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. "நீயும் வாயேன், எனக்குப் பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். போனேன்.

பட்டப்பகல். நூலகத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, வெளியே மைதானத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை. அண்ணி எங்கள் இருவரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். நான் ஆதாரத்தின் பக்கத்தில் நின்றேன். ஒல்லியான பெண், காலரில் மை.

"நீங்க கதை எழுதறவங்களா? நான் உங்க கதை எதுவும் படிச்சதில்ல" என்றாள்.

அவள் என் புத்தகத்தைப் படித்திருப்பாள் என்ற என் விளக்கம் அங்கேயே செத்தது. கொஞ்சம் மனசும் நொந்தது.

உள்ளே அண்ணி எண்ணை அழுத்துவது தெரிந்தது. பார்க்கவே வேண்டியதில்லை அவளுக்கு, விரல்களுக்கு மனப்பாடம். கைபேசியைக் காதில் வைத்தாள். நான் கதவைப் பார்த்தேன். ஆதாரம் கதவைப் பார்க்கவில்லை, என் தோள்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பார்க்கிற?"

"உங்க போன் அடிக்குதான்னு."

"ஏன்?"

"உங்க குரல் அவரு குரல் மாதிரியே இருக்கு ஆன்ட்டி."

என் போன் பையில்தான் இருந்தது. அடிக்கவில்லை.

[சத்தத்தை நிறுத்திவைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்குள் போகும்போது யாரும் செய்வதுதான். அண்ணனுக்கும் எனக்கும் ஒரே குரல் என்று எங்கள் வீட்டில் கேலி செய்வார்கள், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.]

மீண்டும் நிமிர்ந்து பார்த்தபோது அண்ணி எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருந்தாள். தலை ஒருமுறை அசைந்தது. பேசினாளா, எடுக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெறுமனே நின்றாளா என்று அந்தக் கண்ணாடி வழியாகச் சொல்லமுடியாது. பிறகு கதவைத் திறந்தாள். முகம் கழுவினதுபோல் இருந்தது.

"எடுத்தாரா மிஸ்?"

அண்ணி மண்டியிட்டு அவள் உயரத்துக்கு வந்தாள். "உங்கம்மா அங்க இல்ல கண்ணு. அது மட்டும் நிச்சயம். இனிமே நீ அந்த நம்பரைக் கூப்பிடக்கூடாது. எதா இருந்தாலும் என்கிட்ட வா."

"தெரியும் மிஸ். அவருதான் சொல்லிட்டாரே. நான் சரிபார்க்கத்தான்..." என்றவளுக்கு உதடு கோணியது. அதுவரை பெரிய மனுஷி மாதிரி பேசியவள் அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அண்ணியும் அழுதாள். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

9

முடிவுகள்.

அ) 'நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை' என்று ஒரு பதிவுசெய்த குரல். இது யோக்கியமான முடிவு. ஆனால் இதை எழுதினால் ஆதாரம் பொய்க்காரி ஆகிவிடுவாள். அந்த அழுகையைப் பார்த்தபிறகு என்னால் முடியாது.

ஆ) யாரோ ஒரு தனிமனிதர் எடுக்கிறார், மன்னிப்புக் கேட்கிறார். நம்பத்தகுந்தது. எழுத ஆரம்பித்தேன். "ஹலோ, நான் இந்த நம்பரைப் போன மாசம்தான்—" மேலே ஓடவில்லை. அந்த மனிதருக்கு என்னால் ஒரு முகம் கொடுக்கமுடியவில்லை. எப்படி எழுதினாலும் சாவியைப் பற்றிக் கேட்கும்போது அவர் என் அண்ணனாக மாறிவிடுகிறார்.

இ) அண்ணன் எடுக்கிறான். இதை முழுசாக எழுதினேன். நன்றாக வந்தது. அவன் சலிப்பு, அவன் சிரிப்பு எல்லாம் வந்தது. 'அட, நீதான் வச்சிருந்தியா?' என்று கேட்கிறான். படித்துப் பார்த்தேன். எந்த ஓட்டையும் தெரியவில்லை, பிப்ரவரி முப்பது எங்கேயும் இல்லை. பயந்துபோய் அழித்துவிட்டேன்.

ஈ) என் பைக்குள் இருக்கிற போன்... இதை நான் எழுதவே இல்லை.

10

இதுவரை எழுதியதை அண்ணியிடம் கொடுத்தேன். அவளைப் பற்றி எழுதினால் அவள் படித்தபிறகுதான் வெளியே போகும் என்று, அந்த விளக்குக் கதைக்குப் பிறகு, எங்களுக்குள் ஒப்பந்தம். சாவி விஷயம் வருகிற இடத்தை எடுத்துவிடச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. இருக்கட்டும் என்றாள்.

"சரி, எடுத்தானா?" என்று கேட்டேன்.

"நீதான எழுத்தாளர்."

"அண்ணி, விளையாடாத."

கொஞ்சநேரம் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினாள். "எப்படி வேணா முடிச்சுக்கோ. நம்பற மாதிரி மட்டும் எழுதிடாத" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். நான் கண்ணால் பார்த்த இரண்டை மட்டும் தருகிறேன். அவள் அந்த எண்ணுக்குப் பேசிய நாளிலிருந்து, மாடிப்படியில் நின்றால் அவள் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிவதில்லை. வாசலுக்குப் பக்கத்தில் அண்ணன் வழக்கமாக வண்டிச் சாவியை மாட்டுகிற ஆணி இரண்டு வருடமாகக் காலியாக இருந்தது. இப்போது அதில் சாவி தொங்குகிறது.

யார் சொல்கிறார்? நான். எப்படித் தெரியும்? அதே வீட்டில் இருக்கிறேன். வேறு யாராவது சொல்கிறார்களா? இல்லை, நான் ஒருத்திதான்.

நான்காவது கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். என் கைபேசியில் அந்த எண் இன்னும் 'அண்ணன்' என்றே இருக்கிறது. நான் ஒரே ஒருமுறை அழுத்தினால் எல்லாம் தெரிந்துவிடும். அழுத்தவில்லை. அழுத்தாதவரை அவன் எடுக்கவில்லை என்று யாரும் என்னிடம் சொல்லமுடியாது. இந்தக் கதையை முடிக்காமல் வைத்திருப்பதால் எனக்குக் கிடைப்பது அதுதான், எனக்கு அது வேண்டியிருக்கிறது.